என்ன பதில் சொல்வது?

"சார், நான் மாசமா இருக்கேன். பிரசவத்துக்கு லீவு வேணும்."

மென்று விழுங்கி, ஒருவழியாகச் சொல்லி முடித்தாள். எதிரே இருந்தவர் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

"சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகல. அதுக்குள்ள என்னம்மா அவசரம்? உன் வேலையை நான் யார் தலையில கட்டுறது?"

"போறதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சுக் கொடுத்துடுறேன் சார்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவீங்க. அப்புறம் இன்னிக்கு வாந்தி, நாளைக்கு மயக்கம்னு வந்து நிப்பீங்க. நான் ஆபீஸ் நடத்துறேனா, ஆஸ்பத்திரி நடத்துறேனா? பேசாம ராஜினாமா எழுதிக் கொடுத்துடு. உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

நல்லவேளை, அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்து, கண்ணைத் துடைத்தபடி கணவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"அடேயப்பா, என்னமா நடிக்கிறீங்க! நாளைக்கு எங்க மேனேஜர்கிட்ட பேசணுமே, ஒருதடவை ஒத்திகை பார்க்கலாம்னு கூப்பிட்டா, அழவே வச்சுட்டீங்க. சரி, நிஜமாவே அவர் ராஜினாமா பண்ணுன்னு சொன்னா, நான் என்ன பதில் சொல்றது?"

அவன் சிரிக்கவில்லை. வேறோர் அலுவலகத்தில் அவனும் மேனேஜர்தான்.

"தெரியல" என்றான், மேஜைமேல் கிடந்த பேனாவைப் பார்த்தபடி. "போன வாரம் என்கிட்ட லீவு கேட்டு வந்த பொண்ணு பதிலே பேசல. என் பேனாவை வாங்கி, எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டா."