குனிந்து கடந்தவர்
சிட்னியின் மேற்கில், ஒரு மருத்துவ அறையில், ஜன்னல் வெயில் மேசைமேல் நிற்கும் பிளாஸ்டிக் முதுகெலும்பில் விழுகிறது. "இன்னும் கொஞ்சம் குனிய முடியுமா?" என்கிறார் நரைத்த டாக்டர். "முடியல டாக்டர்," என்று ஃபலனிகோ பாதியிலேயே நிமிர்கிறார். லாரி மோதி நொறுங்கிய முதுகு. கொடுத்த நஷ்டஈடு போதாதென்று போட்ட மேல்முறையீடு இந்தக் குனிதலில்தான் தொங்குகிறது என்பது மனைவி லோசாவுக்குத் தெரியும். டாக்டர் அறிக்கையை எழுதி முடித்துப் பேனாவை மூடுகிறார். கதவுக்குப் போகும் வழி அவர் நாற்காலிக்கு முன்னால். சமோவாவில் பிறந்த எவரையும்போல, உட்கார்ந்திருப்பவர்முன் ஃபலனிகோ இடுப்பை வளைத்து, வலக்கையைத் தரையோரம் தாழ்த்தி, "துலோ", மன்னிக்கணும், என்று முனகிக் கடக்கிறார். உதட்டில் பல் பதிகிறது, கழுத்தில் வேர்வை வழிகிறது. முகம் தரையைப் பார்த்திருக்கிறது; டாக்டருக்குத் தெரிவது வளைந்த முதுகு மட்டும். "இன்னிக்கு ஒரு நாள் நிமிந்து போனா என்னவாம்?" லோசா தங்கள் மொழியில் சீறுகிறாள். "பெரியவர் உக்காந்திருக்காரு. விறைச்சுக்கிட்டா போவாங்க?" அவர்களுக்குப் பின்னால், பேனா மூடி மறுபடி திறக்கும் சத்தம் கேட்கிறது.