கடைசியில் ஒரு கைதட்டல்

நடிகரின் வாய் மூடிய பிறகுதான் அவருடைய சொல் முடிந்தது.

எடிட்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே ஒரு ஃபிரேம்தான் பிசகு, கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. பார்க்கிறவர்கள் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் அவனுக்குச் சோற்றில் கல் கடித்த மாதிரி இருக்கும்.

ஒலியைப் பிடித்து நூலளவு முன்னால் நகர்த்தினான். உதடும் சொல்லும் ஒட்டிக்கொண்டன.

ஒரு குக்கர் கம்பெனியின் விளம்பரப் படம். கணவன் சாப்பிடுகிறான், மனைவி பரிமாறுகிறாள், இருவரும் ஓயாமல் பேசிச் சிரிக்கிறார்கள். வாடகை மிச்சமென்று எடிட்டர் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே எடுத்தது.

படம் பிடிப்பதும் வெட்டி ஒட்டுவதும் அவன். ஒலிப்பதிவு அவன் மனைவி. கேமராவையும் ரெக்கார்டரையும் சேர்த்து வைப்பது அவளுடைய கைதட்டல்தான். ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் லென்ஸுக்கு முன்னால் வந்து ஒரு தட்டுத் தட்டுவாள். படத்தில் உள்ளங்கைகள் சேரும் இடத்தையும் ஒலியில் அந்தச் சத்தம் எழும் இடத்தையும் நேராக வைத்துவிட்டால், மீதியெல்லாம் தானாகப் பொருந்தும். தொடக்கத்தில் தட்ட மறந்துபோனால் கடைசியில் தட்டுவாள். அவன் பின்னாலிருந்து பொருத்திக்கொள்வான்.

பொருத்தியதும் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிடுவான். அதோடு அவள் முகமும் போய்விடும். தொழில் அப்படி.

அவள் அக்கா வீட்டுக்குப் போய் மூன்று வாரமாகிறது. சண்டை ஒன்றுமில்லை. அதுதான் அவனுக்குப் பிடிபடவே இல்லை. குடி கிடையாது, கூத்து கிடையாது, ஒரு சுடுசொல் சொன்னது கிடையாது. வீடு ‘ஓ’வென்று கிடந்தது. மேசையின் இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் துவைத்த துணி குவிந்திருந்தது.

காலையில் போனில் கேட்டேவிட்டான். “நான் என்னம்மா தப்பு பண்ணேன்?”

“சவுண்டு எல்லாம் அனுப்பிட்டேன். கடைசி ஃபைல முழுசா கேட்டுட்டுக் கூப்பிடுங்க. அப்புறம் நான் வர்றதா வேணாமான்னு பேசலாம்.”

கடைசி ஃபைலின் பெயரைப் பார்த்தான். ‘சாப்பாட்டு மேசை, ரூம் டோன்.’

அவனுக்குச் சிரிப்பு வந்தது. ரூம் டோன் என்றால் காலி அறையின் சத்தம். படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரையும் வாயைப் பொத்தி நிற்கவைத்து அரை நிமிடம் பதிவு செய்வாள். வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவில் விழும் ஓட்டையை அதை வைத்துத்தான் அடைப்பார்கள். அதில் போய்க் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

அரை நிமிடம் அல்ல, இருபது நிமிடத்துக்கு மேல் ஓடியது. அணைக்க மறந்திருப்பாள். அவளும் ஒருமுறை கோட்டை விட்டாளே என்று அவனுக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

வேண்டிய அளவு வெட்டி, சிரிக்கும் ஜோடிக்கு அடியில் போட்டான். கச்சிதமாக உட்கார்ந்தது. சுத்தமான காலி அறை.

அப்புறம் எங்கோ ‘ணங்’ என்றது. தட்டில் கரண்டி.

படத்தில் அந்த நேரம் யார் கையிலும் கரண்டி இல்லை.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கேட்டான். நாற்காலி இழுபடும் சத்தம். டம்ளரில் தண்ணீர் விழும் சத்தம். செல்போனில் யாரோ யாரையோ திட்டும் வீடியோ, மெல்லிதாக. தொண்டையைச் செருமும் சத்தம். அந்தத் தொண்டை அவனுடையது.

இது படப்பிடிப்பே இல்லை. அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்ட ஏதோ ஒரு நாள். ரெக்கார்டரை மேசைமேல் வைத்திருக்கிறாள். அந்த மேசையில் எப்போதும் ஏதாவது ஒரு கருவி கிடக்கும், அவன் கண்டுகொண்டிருக்க மாட்டான்.

ஒரு ஃபிரேம் பிசகினால் பொறுக்காத ஆள், இதைக் காலி அறை என்று நம்பியிருக்கிறான்.

பாதியில் அவள் குரல் வந்தது. உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டாள்.

சுவர்க் கடிகாரம் ஓடியது. போனில் வீடியோ மாறியது. மெதுவாக ஒரு ‘ம்’ வந்தது.

பழக்கதோஷம், அளந்து பார்த்தான். பதினோரு வினாடி.

அந்த ‘ம்’மை வெட்டினான். இழுத்துக்கொண்டு வந்து அவள் கேள்விக்குப் பக்கத்தில் ஒட்டி ஓடவிட்டான். பொருந்தியது. யாரோ குடும்பம் நடத்தும் வீடு மாதிரி இருந்தது. இன்னொரு முறை கேட்டான். பிறகு அதை எடுத்து, இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தான்.

முழுசாகக் கேட்கச் சொல்லியிருந்தாள். கேட்டான். நெடுநேரம் வேறு பேச்சே இல்லை.

கடைசியில் ஒரு கைதட்டல்.

அந்தத் தட்டு அவனுக்கு அத்துப்படி. லென்ஸுக்கு முன்னால் தட்டும் அதே ஒற்றைத் தட்டு, உள்ளங்கை நிறைய. அன்று லென்ஸ் இல்லை. எதிரே அவன் முகம்தான் இருந்திருக்கிறது.

பதிவில் இந்த முறை அவன் தாமதிக்கவில்லை. சத்தம் அடங்குமுன்னே அவன் குரல் வந்துவிட்டது.

“கொசுவா?”

அவள் ஆமாம் என்றாள். ரெக்கார்டர் அணைந்தது.

கூப்பிட வேண்டும். போனைக் கையில் எடுத்தான். அவள் எண்ணைத் தேடும்போது, அந்தத் தட்டுக்கு மறுநாளே மறக்காமல் கொசுவர்த்தி வாங்கி வந்தது ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரரை மாதிரி உண்டா என்று அவள் நினைத்திருப்பாள் என்றுகூட அன்று நினைத்தான்.

கொசுவர்த்திப் பெட்டி பிரிக்கப்படாமல் மேசைக்கு அடியிலேயே இருந்தது. ஒன்பதாவது மாடிக்குக் கொசு வருவதில்லை.