எலி தூக்கிப்போன நாற்பது வார்த்தைகள்

"லொக்வேஷஸ்?"

"ஜாஸ்தி பேசறவங்க. உன் அக்கா அருணாதேவி."

"அட்டையில எங்க அக்கா பேரு இல்ல. ஒழுங்கா சொல்லு கீதா."

"டாக்கடிவ், கேருலஸ், வெர்போஸ். போதுமா மாமா?"

குமரேசன் அந்த அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தான். செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, வெள்ளைக்காரர்களுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடும் கடை அவனுடையது. பன்னிரண்டு வருஷமாக இங்கிலீஷில்தான் பிழைப்பு. ஆனால் இந்த அட்டைகளில் இருக்கிற வார்த்தையில் ஒன்றைக்கூட எந்த வெள்ளைக்காரனும் அவனிடம் சொன்னதில்லை. அவர்களுக்கு ஹெல்மெட், பெட்ரோல், ஹவ் மச், அவ்வளவு போதும்.

அவன் பெண்டாட்டி கீதாஞ்சலிக்கு அது போதாது. நாளைக் காலை சென்னையில் அவளுக்கு இங்கிலீஷ் பரீட்சை. பாஸானால் உதவித்தொகையோடு இரண்டு வருஷம் வெளிநாட்டில் மண்ணைப் பற்றிப் படிக்கலாம். அடி அண்ணாமலையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளையும் கொல்லையில் வளர்ந்தவளுக்குப் பத்து வயதிலிருந்து அதே ஆசை. குமரேசனால் அவளோடு வெளிநாட்டுக்குப் போக முடியாது. கடை இருக்கிறது, வீட்டில் படுத்த படுக்கையாக அப்பா இருக்கிறார்.

போன வருஷமும் இதே பரீட்சைக்குப் போனாள். பௌர்ணமிக் கூட்டம், கடையை விட்டு வர முடியாது என்று அவன் சொல்லிவிட, தனியாகத்தான் போனாள். "போச்சு மாமா" என்று திரும்பி வந்தவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததிலிருந்து அவனுக்குள் ஒரு முள்.

அட்டைகள் என்றால் கடையில் வாங்கியவை இல்லை. அவர்கள் கல்யாணப் பத்திரிகைதான். மூலையில் மஞ்சள் தடவி வைத்து, கொடுக்காமல் மிஞ்சிப்போனது நாற்பது. ஒவ்வொன்றையும் எட்டுத் துண்டாக வெட்டி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் துண்டுக்கு ஒரு வார்த்தை, அதே பொருளில் இன்னும் மூன்று வார்த்தை, கீழே விளக்கம் என்று கீதாஞ்சலியே தன் கையால் எழுதியிருந்தாள். மொத்தம் முந்நூற்று இருபது. போன வருஷம் பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அதில் நாற்பதைக் காணோம்.

"எலி தூக்கினு போயிருக்கும்" என்றான் அப்போது. அவளும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னா மாமா யோசன? அடுத்தது கேளு."

"யேர்ன்."

"ஏங்கறது. லாங், பைன், கிரேவ்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "ஏங்கறதுக்கு அவங்களுக்கும் இத்தினி வார்த்த கீது, பாத்தியா!"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருஷம்! கடையைப் பூட்டிவிட்டு இவள் இல்லாத வீட்டுக்கு எப்படிப் போவது? யாரிடம் வம்பு பேசுவது? ஆனால், ஒவ்வொரு வார்த்தையையும் சரியாகச் சொல்லும்போது அவள் முகத்தில் வருகிற வெளிச்சம் இருக்கிறதே, அதைக் கெடுத்துவிட்டு அவளோடு இருந்துதான் என்ன?

எழுந்தான். கடைச் சுவரில் வரிசையாகத் தொங்கிய ஹெல்மெட்டுகளில், வார் அறுந்ததால் யாருக்கும் கொடுக்காத பழைய ஹெல்மெட்டை இறக்கினான். உள்ளே கைவிட்டு, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு அட்டைக் கட்டை எடுத்து அவள் மடியில் வைத்தான்.

"எலி இல்ல கீதா. நான்தான்."

அவள் அதைக் கையில் எடுத்தாள்.

"நீ போயிடுவியேன்னு பயம். புத்தி கெட்டுப்போச்சு. திட்டு, அடி, இன்னா வேணா செய். ஆனா இந்த நாப்பதையும் இன்னிக்கே படிச்சுடு. இதனாலதான் போன வாட்டி கோட்ட விட்ட. ஒரு வருஷமா எனக்குச் சோறு எறங்கல."

கீதாஞ்சலி ரப்பர் பேண்டை உருவினாள். வார்த்தைகள் இருந்த பக்கத்தைப் பார்க்கவே இல்லை. அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, அச்சடித்த பக்கம் தெரிகிற மாதிரி பெஞ்சில் பரப்பினாள். நாற்பதிலும் பத்திரிகையின் அதே நடுத்துண்டு. திருநிறைச்செல்வன் குமரேசன், திருநிறைச்செல்வி கீதாஞ்சலி.

"எட்டுத் துண்டுல நம்ம பேரு இருக்கற துண்ட மட்டும் பொறுக்கினு போறதுக்கு, எலிக்குப் படிக்கத் தெரியுமா மாமா?"

குமரேசன் ஹெல்மெட்டைக் கீழே வைத்தான். "அப்பவே தெரியுமா உனக்கு? அடிப்பாவி! ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீ அழுவ. நீ அழுதா நானும் அழுவேன்."

"அதுக்காவ? பரீட்சையில போயிடுச்சே! என்னாலதான போச்சு?"

"எழுதினவளே நான்தான. நாப்பதும் மனப்பாடம் எனக்கு."

"அப்புறம் எப்படி ஃபெயிலான?"

கீதாஞ்சலி அட்டைகளை மெல்ல அடுக்கிக் கட்டினாள். கண் நிறைந்துவிட்டது.

"போன வருஷம் நான் பரீட்சையே எழுதல மாமா. சென்னையில எறங்கினதும் உன் நெனப்பு வந்துடுச்சு. பஸ் ஸ்டாண்டுலயே சாயங்காலம் வரைக்கும் உக்காந்துட்டு, அடுத்த பஸ் ஏறி வந்துட்டேன். நாளைக்கு நீயும் கூட வா. வாசல்ல நின்னு என்ன உள்ள தள்ளி வுடு. தனியாப் போனா மறுபடியும் திரும்பி வந்துடுவேன்."