மூன்றாம் தடவையும் தையல் இயந்திரம்

கடற்கரை மாதர் சங்கத்துக்கு மூன்றாம் தடவையும் தையல் இயந்திரங்களே வந்திறங்கின. முன்பு வந்தவை உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கிடந்தன. கணவனை இழந்த பன்னிரண்டு பெண்கள் இடுப்பளவு நீரில் நின்று நண்டு பிடித்துப் பிழைக்கும் ஊர் அது. கடலுக்குள் போய்த் தொழில் செய்யச் சொந்தமாக ஒரு வள்ளம் வேண்டுமென்று தலைவி தவமலர் ஆறு வருடமாக மனு எழுதிக்கொண்டிருந்தாள்.

உதவி கொடுத்த நாட்டிலிருந்து வந்திருந்த வெள்ளைக்காரப் பெண் சிரித்தபடி ஏதோ கேட்டாள்.

"சந்தோசமோ எண்டு கேக்கிறா அக்கா," என்றான் திட்ட அலுவலர் நிரூபன். "ஓம் எண்டு சொன்னால் போதும்."

வரவேற்புக்காகக் காலையிலிருந்து நின்ற தவமலருக்குக் கால் கடுத்தது. கோபப்படவும் தெம்பில்லை.

"நாங்கள் கேட்டது வள்ளம் எண்டு சொல்லு தம்பி. மாத்தாமச் சொல்லு."

நிரூபன் தயங்கித் தயங்கிச் சொன்னான். வந்தவளின் சிரிப்பு மறைந்தது. கையிலிருந்த காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மெதுவாக ஏதோ கேட்டாள்.

"அப்பிடி இதில எங்கயும் எழுதியில்லையாம். ஏன் வள்ளம் வேணும் எண்டு கேக்கிறா."

ஆறு வருடத்தில் அதை யாரும் கேட்டதில்லை. தவமலர் ஒரு கதிரையை இழுத்து அவளுக்குப் போட்டாள். தனக்கும் ஒன்றை இழுத்துக்கொண்டாள்.

"இருக்கச் சொல்லு தம்பி. இது சொல்லி முடிக்க நேரமெடுக்கும்."