தோளில் ஒரு பூரான்

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் இந்த அக்காவுக்கு லீவு கொடுங்க சார். அதிகாரி முன்னாடி படிச்சுக் காட்டணும்" என்றாள் டீச்சர்.

"படிச்சா? யாரு, இவங்களா?" சூப்பர்வைசர் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார். "இவங்களுக்கு எழுத்துவாசனையே கிடையாதே. வேலைக்குச் சேரும்போதே தெளிவாச் சொன்னாங்களே."

"அது பழைய கதை சார். இப்ப பேப்பரைக் கொடுத்தா எழுத்துக்கூட்டாமப் படிப்பாங்க. சொல்லிக்கொடுத்தவளே நான்தான்."

அக்கா தலையை நிமிர்த்தவில்லை. மூட்டையை அவிழ்ப்பதும், காகிதங்களை அள்ளி இயந்திரத்தின் வாயில் போடுவதுமாக இருந்தாள்.

பழைய காகிதங்களைப் பொடிப்பொடியாக வெட்டும் கூடம் அது. மருத்துவமனை, வங்கி, வக்கீல் ஆபீஸ் என்று எங்கெங்கிருந்தோ மூட்டைகள் வந்து இறங்கும். வெட்டுப்பட்ட காகிதம் இயந்திரத்தின் மறுபக்கம் வைக்கோல் போல வெளியே கொட்டும். வாசலிலேயே டீச்சரின் கைப்பையையும் போனையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விட்டிருந்தார்கள். குப்பைக்காகிதம் வெட்டுகிற இடத்துக்கு இவ்வளவு கெடுபிடியா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

ஏற்கெனவே அவள் நொந்துபோய்த்தான் வந்திருந்தாள். முதியோர் கல்வி வகுப்பு தொடங்கியபோது உட்கார இடம் போதவில்லை. பிறகு ஷிஃப்ட் மாறிவிட்டது என்று ஒருத்தி, புருஷன் திட்டுகிறான் என்று ஒருத்தி, கண் மங்குகிறது என்று ஒருவர், இப்படியே ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிச்சமிருந்தவர்களில் உருப்படியாகப் படிக்கக் கற்றது இந்த அக்கா ஒருத்திதான்.

வீட்டில் படுத்த படுக்கையாகப் புருஷன். இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிய வேண்டும். ஆனாலும் வேலை முடிந்ததும் நேராக வகுப்புக்கு வந்துவிடுவாள். சிறுபிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முட்டி இடிக்க இடிக்க உட்கார்ந்துகொண்டு, "எழுத்தே தெரியாதவளுக்குத் தலையெழுத்து மட்டும் எப்படி டீச்சர் வந்துச்சு?" என்று வகுப்பையே சிரிக்கவைப்பாள்.

"படிக்கத் தெரிஞ்சதுலேர்ந்து கண்ணு சும்மா இருக்க மாட்டேங்குது டீச்சர். பஸ்ல வந்தா ஒரு போர்டு விடாமப் படிச்சுக்கிட்டே வர்றேன்" என்று ஒரு நாள் சொன்னாள். அன்றைக்கு டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

நாளை அதிகாரி வகுப்பைப் பார்க்க வருகிறார். தடங்கலில்லாமல் படித்துக் காட்ட ஒரு ஆளாவது இல்லையென்றால் வகுப்பை இழுத்து மூடிவிடுவார்கள். பத்திரிகையில் போட்டோகூட வரும் என்று டீச்சர் ஆசை காட்டியதோ இல்லையோ, மறுநாளிலிருந்து அக்கா வகுப்புப் பக்கமே வரவில்லை. லீவு கிடைக்காது என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினாள். சரி, நானே போய்க் கேட்கிறேன் என்று டீச்சர் கிளம்பி வந்துவிட்டாள்.

"அக்கா, அந்தச் சுவர்ல என்ன எழுதியிருக்கு? சாருக்குப் படிச்சுக் காட்டுங்க."

'புகைபிடிக்கக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

அக்கா ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். "எனக்கு என்ன டீச்சர் தெரியும்? ஏதோ கோடு கோடாத் தெரியுது."

"விளையாடாதீங்கக்கா."

"நிஜமாத்தான் சொல்றேன். நீங்களும் மாரடிச்சீங்க, எனக்குத்தான் மண்டையில ஏறல. நீங்க கிளம்புங்க டீச்சர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

சொல்லிவிட்டு அக்கா பார்த்த பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. நாலு பேர் முன்னால் கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள் டீச்சர்.

"நான்தான் சொன்னேனே" என்று சூப்பர்வைசர் டீ கிளாஸை மறுபடி கையில் எடுத்தார்.

டீச்சருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாளே என்று ஆத்திரம். கைப்பையை வாங்கிக்கொண்டவர்கள் அவள் கையோடு எப்போதும் இருக்கும் சாக்பீஸ் துண்டை விட்டுவிட்டிருந்தார்கள். வகுப்பில் தூங்கி வழிகிறவர்களை எழுப்ப அவளிடம் ஒரு வித்தை உண்டு. பேசாமல் போய், இயந்திரத்தின் கறுத்த இரும்புக் கதவில் பெரிதாக எழுதினாள்.

'உங்கள் தோளில் பூரான்.'

எழுதி முடித்துக் கதவைத் தட்டினாள். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த நொடி, அள்ளிய காகிதங்களை அப்படியே போட்டுவிட்டு, தோளைப் படபடவென்று தட்டிக்கொண்டு துள்ளினாள்.

"ஐயோ, எங்க? எங்க?"

பூரானும் இல்லை, ஒன்றும் இல்லை. டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தாள். "கையும் களவுமாப் பிடிச்சேனா? இப்ப சொல்லுங்க சார், எழுத்துவாசனை இல்லையா?"

சூப்பர்வைசருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கூட வேலை செய்த பெண்கள்தான் சிரிக்கவில்லை. ஒவ்வொருத்தியாகத் தலையைக் குனிந்துகொண்டு மூட்டைகளைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். அக்கா கீழே சிதறிய காகிதங்களை, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே பொறுக்கினாள்.

"நாளைக்கு ஒரு நாள் விட்டாப் போதும் சார்" என்றாள் டீச்சர், சிரிப்பு அடங்காமல்.

சூப்பர்வைசர் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

"ஒரு நாள் எதுக்கு டீச்சர்? இங்க வர்றதெல்லாம் ஊரார் ரகசியம். படிக்கத் தெரியாதவங்களை மட்டும்தான் வேலைக்கு வெச்சிருக்கோம்னு எழுதிக்கொடுத்துத்தான் மூட்டையே வாங்குறோம். என் கண் முன்னாடியே படிச்சிட்டாங்க, இனிமே நான் என்ன பண்ண முடியும்?"

அக்கா கையுறைகளைக் கழற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக மேஜையில் வைத்தாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும் டீச்சர்? இனிமே எனக்கு எல்லா நாளும் லீவுதான்."