உள்ளேயே விட்ட ட்யூப்

கடலூர் கிளினிக்கில் டாக்டர் அறிவழகன் எக்ஸ்ரேவைத் தூக்கிப் பிடித்தார். எதிரே வலியில் நெளிந்த நைனா முகம்மதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

“கல்லு எடுத்தப்ப சிறுநீர்க் குழாயில வச்ச ட்யூப் இது. ரெண்டு மாசத்துக்குள்ள உருவியிருக்கணும். எப்ப வச்சது?”

“ஒன்றரை வருசமாச்சு சார்,” என்றாள் மகள் அல்மாஸ். “திரும்ப வந்து எடுக்கணும்னு எங்ககிட்ட யாருமே சொல்லல.”

“அதான் ட்யூப் மேலயே கல்லு படிஞ்சிருக்கு. இன்னும் விட்டா கிட்னியே போயிடும். எங்க செஞ்சீங்க?”

“சிதம்பரத்துல சார்.”

“பங்சர் ஒட்டுறவன்கூட உள்ள ஆணி கெடக்கான்னு தடவிப் பாப்பான். இவனெல்லாம் ஒரு டாக்டர்! மெடிக்கல் கவுன்சிலுக்குப் புகார் எழுதும்மா. இது முழுக்க டாக்டரோட அலட்சியம்னு நானே எழுதித் தரேன்.”

விறுவிறுவென எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தி நீட்டினார்.

அல்மாஸ் அதை வாங்கிக் கைப்பையில் பத்திரப்படுத்தினாள்.

“ரொம்ப நன்றி சார். அத்தாவுக்கு அந்த ட்யூபை வேற டாக்டர்கிட்ட எடுத்துக்கறோம்.”

“ஏன், நான் எடுக்க மாட்டேனா?”

“ஞாயித்துக்கிழமையானா சிதம்பரத்துக்கு ஆபரேஷன் செய்ய வர்றீங்களே சார், அங்க வச்சு இதை அத்தாவுக்கு உள்ள விட்டதே நீங்கதான்.”