துணி துவைத்த தொட்டி

ரெபெகாவின் வளர்ப்புத் தாய் இபோயாவின் சமையலறையில், காலுறை துவைத்த தொட்டியின் சோப்புத் தண்ணீரில் மாலை வெயில் மினுங்குகிறது. அவளை அரசாங்கம் இங்கே ஒப்படைத்து ஏழு வருடம். பெற்றவள், என் அக்கா தெர்கா, மாதம் ஒரு மணி நேரம் வந்து பார்க்கலாம்; இன்று நானும் கூட வந்திருக்கிறேன். அந்தத் தொட்டியிலேயே ரெபெகா கோப்பையை அலசித் தேநீர் ஊற்றி நீட்டுகிறாள். அப்படி அலசிய கோப்பையை எங்கள் ரோமா இனத்து வீடுகளில் தீட்டு என்று உடைத்துத்தான் எறிவோம். அக்காவின் விரல்கள் பாவாடை மடிப்பைக் கசக்குகின்றன. “போன தடவையும் தொடல. ஜிப்சிங்கல்லாம் எங்க வீட்ல எதுவும் சாப்பிட மாட்டீங்களா?” என்கிறாள் ரெபெகா. “ஐயோ, அப்படி இல்லடி கண்ணு.” அக்கா என்னைப் பார்க்காமல், சூடு பாராமல், ஒரே மூச்சில் குடித்துவிடுகிறாள். “நல்லா இருக்குடி.” ரெபெகாவின் முகம் முழுக்கச் சிரிப்பு. “இன்னொன்னு தரட்டுமா?” என்று கேட்டபடியே கோப்பையை மறுபடி அந்தத் தொட்டிக்குள் முக்குகிறாள்.